பார் வெளுத்த கோடை

முதுகுளத்தூர்ப் பக்கத்து மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவள் நான். கல்லூரிக்குப் போகும்வரை கடலில் கால் நனைத்ததில்லை. சூழலியல் ஆராய்ச்சிக்குப் பவளப்பாறையை எடுத்துக்கொண்டு கீழக்கரையில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்தேன். கீழ்வீட்டு அம்மாவின் கணவர் துபாயில் இருந்தார். ரமலானில் அந்த அம்மா நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். மற்ற மாதங்களில் என் அறைக்கதவை யாரும் தட்டியதில்லை.

எதிரே இருந்த தீவுகளுக்குக் கடல்பாசி எடுத்து விற்கப் போகும் பெண்களின் வள்ளத்தில்தான் நானும் போவேன். விரல்களில் துணி சுற்றி, சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு அவர்கள் முங்குவார்கள். நான் தள்ளிப் போய், ஒரு சதுரச் சட்டத்தைப் பாறைமேல் வைத்து உயிருள்ளதையும் செத்ததையும் எண்ணுவேன். நான் வள்ளத்தில் ஏறியதுமே அவர்கள் பேச்சு நின்றுவிடும். என்னை சர்க்கார் ஆள் என்று நினைத்திருந்தார்கள். ஒரு வருஷம் அப்படியே போனது.

இரண்டாம் கோடையில் ஒருநாள் முங்கியபோது, பார் என்று அந்தப் பெண்கள் சொல்லும் பவளப்பாறை முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வயதில் மூத்த ஒரு அக்கா கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

"பார் செத்துப்போச்சா தாயி?"

"இன்னும் சாகலக்கா. சூடு தாங்காம வெளுத்துருச்சு."

"பத்து நாளா அடித்தண்ணியே சுடுது. எங்க காலுக்குத் தெரியுது."

"ஏங்க்கா சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

அவர் சொன்னதையும் என் ஆய்வறிக்கையில் எழுதினேன். கடல் சூடானதுதான் காரணம் என்பதும் அதில் தெளிவாக இருந்தது. மனிதர் நடமாட்டம் குறைந்தால் பாறை தேற உதவும் என்று கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் அரசு அலுவலகம் பெண்கள் தீவுக்குப் போவதைத் தடுத்தது.

விஷயம் தெரிந்த அன்றே கரைக்கு ஓடினேன். அக்கா வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"நீ எழுதுனதுதானா?"

"ஆமாக்கா. ஆனா நீங்கதான் காரணம்னு எழுதல."

"படிச்சவுகளுக்கு அப்படித்தானே தெரிஞ்சிருக்கு."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்ச நேரமாவது அங்கே நின்றிருப்பேன். அந்த வரியை விளக்கி அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பெண்கள் எனக்குத் தெரியாமல் வேறு படகுத்துறையிலிருந்து தீவுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். எந்தத் துறை என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

மீதி வேலையைத் தனி வள்ளம் பிடித்து முடித்தேன். மழைக்காலம் கழிந்து மறுபடி முங்கியபோது பாதிப் பாறைக்கு நிறம் திரும்பியிருந்தது. மேலே வந்து, "பிழைச்சுக்கிருச்சு!" என்று கத்தினேன். துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த வள்ளக்காரர் எழுந்து, "கெளம்பலாமா?" என்றார்.