கோலாலம்பூரில் வெளியே வர வேண்டும்

கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அதில் பென்சிலால் மூன்று ஊர்ப் பெயர்கள்: திருச்சி, கோலாலம்பூர், ஆக்லாந்து. நடுநடுவே அம்புக்குறிகள். கோலாலம்பூருக்குக் கீழே மட்டும் இரண்டு கோடுகள். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் அதை என் மேஜைமேல் வைத்து, சுருக்கம் போக விரலால் நீவிவிட்டு, "இந்த வழியில ரெண்டு பேருக்கு டிக்கெட் வேணும்மா" என்றார்.

தில்லை நகரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் எனக்கு அது ஒன்பதாவது வருடம். காட்டூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போவேன். நான் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் எந்த ஊரில் விமானம் மாறினால் எத்தனை படி ஏற வேண்டும், எங்கே பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதில் ஒரு கர்வமும் உண்டு. அவர் எழுதி வந்த வழியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோலாலம்பூர் வரை ஒரு கம்பெனி, அதற்குமேல் அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இன்னொரு கம்பெனி. இரண்டும் தனித்தனி டிக்கெட். இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ரயிலில் இன்னொரு டெர்மினலுக்குப் போய், புதிதாக வரிசையில் நிற்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி ஏன் என்றுகூடக் கேட்காது. எழுபதைத் தாண்டிய இருவருக்கு இதைவிட மோசமான வழி கிடையாது என்று எனக்குத் தோன்றியது.

அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். விமானக் கம்பெனிகள் தங்களுக்குள் கூட்டணி வைத்திருக்கின்றன. ஒரே கூட்டணிக்குள் ஒரே டிக்கெட்டாகப் போட்டால் திருச்சியில் கொடுத்த பெட்டியை ஆக்லாந்தில் வாங்கிக்கொள்ளலாம். நடுவில் ஏதாவது தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. சிங்கப்பூர் வழியாக அப்படி ஒன்று இருந்தது. நான்கு மணி நேரக் காத்திருப்பு, உள்ளுக்குள்ளேயே நடந்து போய் ஏறிவிடலாம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "எல்லாம் சரிம்மா. ஆனா கோலாலம்பூர் வழியாவே இருக்கட்டுமே" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாத்தான்" என்றார்.

அடுத்தடுத்து மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அதே பேச்சு. கடைசியில் ஆக்லாந்தில் இருந்த அவருடைய பெண்ணிடமே பேசினேன். டிக்கெட் எடுப்பது அவள்தான். நான் சொன்னதைக் கேட்டதும், "அப்பா பிடிவாதம் பிடிப்பார். நீங்க சிங்கப்பூர் வழியாவே போட்டுடுங்க" என்றாள். மறுநாள் காலை பதினோரு மணிக்கு டிக்கெட் போட்டு அவருடைய போனுக்கு அனுப்பினேன். நல்ல காரியம் செய்த நிறைவில் ஒரு டீயும் குடித்தேன்.

அன்று மத்தியானம் இரண்டு மணி வெயிலில் அவர் வந்தார். வியர்வையில் நெற்றித் திருமண் கலைந்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சிங்கப்பூர்ல நாலு மணி நேரம் இருக்கேம்மா. வெளியில வந்து ஒருத்தரைப் பாத்துட்டு உள்ள போக முடியுமா?"

"நாலு மணி நேரத்துல வெளிய போய்ட்டுத் திரும்ப உள்ள வர நேரம் பத்தாது சார். அங்க யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"அங்க இல்லை" என்றார். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "கோலாலம்பூர்ல என் பையன் இருக்கான்" என்றார்.

நியூசிலாந்து விசாவுக்கும் டிக்கெட்டுக்குமாக அவரும் அவர் மனைவி மாமியும் என் எதிரில் எத்தனையோ மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். பேரனின் பள்ளிக்கூடம்வரை பேசியிருக்கிறோம். பையன் என்ற சொல் ஒருமுறைகூட வந்ததில்லை. ஒரே பெண் என்றே நினைத்திருந்தேன்.

அவர் நின்றபடியே சொன்னார். பையன் அங்கே வேலைக்குப் போன இடத்தில் ஒரு சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகப் போனில் சொல்லியிருக்கிறான். "எனக்குப் பையனே இல்லைன்னு சொல்லி வெச்சுட்டேன். பதினோரு வருஷமாச்சு. ஆத்துல அவன் பேரை யாரும் எடுக்கப்படாதுன்னேன். அவளும் எடுக்கலை." மூன்று வருடங்களாக மனைவிக்குத் தெரியாமல் பையனுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தாராம். ஒரே ஒரு பதில் வந்திருக்கிறது. ஏர்போர்ட்டுக்கு வந்தால் பார்க்கலாம் என்று.

"நேராவே கோலாலம்பூருக்குப் போயிருக்கலாமே சார்?"

"அதுக்கு எனக்கு முகம் இல்லைம்மா. போற வழியில பாத்த மாதிரி இருக்கட்டும்னு நெனச்சேன்."

"மாமிகிட்ட சொல்லலையா?"

"சொல்லி, அங்க போய் அவன் வரலைன்னா?"

வெளியே வரத் தேவையில்லை என்பதைத்தான் நான் பெரிய வசதியாகத் திரும்பத் திரும்ப அவருக்கு விளக்கியிருந்தேன். அவருக்கு வேண்டியிருந்ததோ அந்த வெளியே வருவது மட்டும்தான். அவர் ஒவ்வொரு முறையும் என் எதிரில் எப்படி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

அன்றைக்குப் போட்ட டிக்கெட்டை அன்றைக்குள் ரத்து செய்ய வழி இருந்தது. ஆனால் ஆக்லாந்தில் இருக்கும் பெண்ணின் சம்மதம் வேண்டும். அவர் எதிரிலேயே போன் செய்தேன். காரணத்தைச் சொன்னேன். "அப்பாவா கேட்டார்?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்பாவே வந்து கேட்டாரா?" என்று மறுபடி கேட்டாள். பிறகு, "மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் போட்டேன். நடுவில் ஆறரை மணி நேரம். இறங்கியதும் எந்த வரிசை, எந்தப் பக்கம் ரயில் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கிளம்பும் நாளன்று காலையில் போனில் விமானத்தைப் பார்த்தபோது திருச்சியிலேயே மூன்று மணி நேரத் தாமதம் என்று இருந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நான் பயமுறுத்தியதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. இப்போது அவர்களைக் காப்பாற்ற எந்தக் கூட்டணியும் இல்லை. ஆக்லாந்து விமானத்தில் ஏறிவிட்டோம் என்று மாமா போனிலிருந்து ஒரு வரி வந்த பிறகுதான் சாப்பிட்டேன். பையன் வந்தானா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். மாமிதான் சொன்னார். விமானம் தாமதமான பதற்றத்தில் அவர் முன்னால் வேகமாக நடந்திருக்கிறார், மாமா தள்ளுவண்டியோடு பின்னால். வெளியே வந்ததும், வழுக்கை விழுந்து கண்ணாடி போட்ட ஒருவர் எதிரே நிற்பதைப் பார்த்து, நம்மூர்க்காரர் மாதிரி இருக்கிறதே என்று, "சார், ரயிலுக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"இப்படி வாங்கோன்னு பையை வாங்கிண்டான். நானும் தேங்க்ஸ் சொல்லிண்டே பின்னாடி போறேன். பத்தடி போயிருப்பேன். இவர் தள்ளுவண்டியை விட்டுட்டு அங்கேயே நின்னு அழறார். என்ன ஆச்சோன்னு பயந்து அந்த மனுஷன் கையைப் பிடிச்சு, கொஞ்சம் அவரைப் பாருங்கோ சார்னேன். அப்பத்தான் அம்மான்னான். பெத்த பிள்ளையை சார்னு கூப்பிட்டிருக்கேம்மா, ரெண்டு தரம்."

மாமா பக்கத்தில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர்களுக்குக் கிடைத்தது ஐம்பது நிமிடம். அந்தச் சீனப் பெண்ணும் எட்டு வயதுப் பேத்தியும் கூட வந்திருந்தார்கள். யாரும் பெரிதாக எதுவும் பேசவில்லையாம். பேத்தி மாமியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வரிசையின் கடைசிவரை வந்திருக்கிறாள்.

இப்போதும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். யாராவது சுற்றுவழி கேட்டால் சிரிப்பதில்லை, நடுவில் எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

சென்ற மாதம் மாமி தனியாக வந்தார். கோலாலம்பூருக்கு டிக்கெட் வேண்டும் என்றார். அதற்குமேல் ஆக்லாந்துக்கா என்று கேட்டேன். "இல்லை, அதுவரைக்கும் போதும்" என்றார். பழக்கத்தில் இரண்டு பேர் என்று தட்டியிருந்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஒருத்தர்தாம்மா" என்றார். எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. மாசி மாதத்தில் மாமா போய்விட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. அவருடைய பழைய விவரங்களெல்லாம் திரையில் அப்படியே இருந்தன.

"பையன் வந்தாரா மாமி?"

"காலம்பற போன் பண்ணினோம். சாயங்காலம் வாசல்ல வந்து நின்னான். நாலு மணி நேரந்தானாமே, நேர் விமானம்" என்றார் மாமி. பிறகு என்னிடம் கேட்பதுபோல, "இவ்வளவு கிட்டக்கவா இருந்தான் அவன்?" என்றார்.

நான் மாமாவின் பெயரை நீக்கிவிட்டு டிக்கெட்டைப் போட்டேன்.