ஈர்க்கும் கடல் சாமந்தியும்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட்டும் தோடம்பழமும் கொண்டு வருவார்கள். என்னோடு ஒரே படகில் தொழில் செய்த கூட்டாளி ஒரு வாளி கடல் தண்ணீரோடு வந்தான். வாளிக்குள் கடல் சாமந்தி ஒன்று சுருண்டு கிடந்தது. கற்பிட்டியில் வண்ண மீன் பிடிக்கிற சுழியோடிகள் நாங்கள் அதைப் பூ என்றே சொல்வோம். பாறையில் ஒட்டிக்கொள்கிற அதன் அடிப்பாதம் சற்றுக் கிழிந்திருந்ததால் கொழும்பு வியாபாரி அதைக் கழித்துவிட்டாராம்.

"நீங்க கடலுக்கு வார வரைக்கும் இது இரிக்கட்டும், நானா" என்றான். வயதில் மூத்த என்னை நானா என்றுதான் கூப்பிடுவான்.

நான் கடலுக்குப் போவேனா என்பதுதான் அப்போது வீட்டில் இருந்த ஒரே கேள்வி. ஒரே நாளில் நாலாவது காற்றுச் சிலிண்டரோடு கடலடிக்கு இறங்கியவன், அவசரப்பட்டு மேலே வந்துவிட்டேன். புத்தி கெட்ட வேலை. பதினாறு வருடம் தொழில் செய்தவன் செய்யக்கூடாத வேலை. படகில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் எனக்கு இல்லாமல் போயின. இரத்தத்தில் காற்றுக் குமிழி என்றார் டொக்டர். ஆஸ்பத்திரியில் இருந்து இரண்டு தடிகளோடு வீட்டுக்கு வந்தேன். நடக்கலாம். ஆனால் காலை எங்கே வைக்கிறேன் என்று கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். திரும்புகிற உணர்வு ஆறு மாதத்துக்குள் திரும்பும், அதற்குப் பிறகு நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு என் மனைவி விளக்குமாற்றில் இருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு என் காலடியில் உட்காருவாள். பெருவிரலில் இருந்து தொடங்குவாள்.

"குத்துறது தெரியுதா?"

"இல்ல."

முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள். ஈர்க்கைச் சீலையில் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவாள். நாலு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் அந்தக் கேள்வி எனக்குச் சலித்துவிட்டது. "ஓம், தெரியுது" என்றேன். அவளைச் சந்தோஷப்படுத்தச் சொன்னேன் என்று எழுதினால் அதுவும் பொய். அன்று அவள் சீக்கிரம் எழுந்து போகவேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள். காலில் உணர்வு வந்தால் மூன்று நோன்பு பிடிப்பதாக நேர்ந்திருந்தாளாம். அடுத்தடுத்த நாட்களில் மூன்றையும் பிடித்தாள். அவள் நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு எதிரில் இருந்தேன். வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலோடு சேர்ந்து வேறு ஏதோவும் மரத்துப்போயிருந்தது. கூட்டாளிக்கும் அவளே போன் எடுத்து, "மீன் சீசனுக்கு அவர் வருவார்" என்று சொல்லிவிட்டாள்.

வாளியில் இருந்து கண்ணாடித் தொட்டிக்கு மாறிய பூவுக்குக் கேள்விகள் இல்லை. அதனால்தான் அதைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டேன் போலிருக்கிறது. நாலு நாளைக்கு ஒரு தரம் கடலை அளவில் இறால் துண்டு ஒன்றை இன்னோர் ஈர்க்கின் நுனியில் குத்தி, மெதுவாக அதன் விரல்களில் தொட வேண்டும். தொட்டதும் பிடித்துக்கொள்ளும். விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்து இறாலை நடு வாய்க்குக் கொண்டுபோகும். சக்கையையும் அதே வாயால்தான் துப்பும். பசி என்று அள்ளிப் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும். ஊருக்கு உள்பக்கக் களப்பில் தேங்கும் தண்ணீரில் உப்பு அதிகம், சரிவராது. திறந்த கடல் பக்கம் போய்த்தான் எடுக்க வேண்டும். கிழமைக்கு ஒரு முறை மனைவி ஓட்டோவில் போய் இரண்டு கேன் நிரப்பி வருவாள். ஒட்டியிருக்கும் பூவைக் கழற்றும் விதத்தையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். இழுக்கவே கூடாது. பாதத்தின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து, அது தானாக விடும்வரை பொறுமையாக நகர்த்த வேண்டும். கேட்டுக்கொண்டாளே தவிர, விரல்கள் பட்டால் சுடும் என்று தொட அவளுக்குப் பயம்.

ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு காலை. அவள் தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, கால்களைப் பலகையில் தூக்கி வைத்து, பூவைக் கழற்றிப் பக்கத்தில் தரையில் கடல் தண்ணீரோடு இருந்த பேசினுக்குள் விட்டேன். பிறகு கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டத் தொடங்கினேன். காற்று மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. சுரண்டுகிற வேலை எனக்குப் பிடிக்கும். நேரம் போவது தெரியாது.

அவள் கேன்களோடு உள்ளே வந்தது காதில் கேட்டது. அவள் கேட்பதற்கு முன்னால் வழக்கமான பொய்யோடு நானே முந்திக்கொண்டேன்.

"இண்டைக்கு இடது பெருவிரல் நல்லா கூசுது."

இரண்டாம் தரமும் சொன்னேன். திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் இடது கால் பலகையில் இருந்து சரிந்து பேசினுக்குள் கிடந்தது. பூ முழுதாக விரிந்து புறங்காலைக் கவ்விப் பிடித்திருந்தது. அதன் வாய் என் பெருவிரலை விழுங்கப் பார்த்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

கேன்களை வைத்துவிட்டு மண்டியிட்டாள். கையைத் தண்ணீருக்குள் விட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே நகத்தைக் கொடுத்து மெல்ல மெல்ல நகர்த்தினாள். பூவின் விரல்கள் அவளுடைய மணிக்கட்டில் பட்டன. "ஸ்ஸ்" என்று மூச்சை இழுத்தாள். சுட்டிருக்கிறது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. பூ விட்டதும் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புறங்கால் முழுவதும் சிவந்து தடித்திருந்தது. அவளுடைய மணிக்கட்டிலும் அதே மாதிரித் தடிப்பு. அவள் தன்னுடையதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தேய்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"கூசுதா?" என்று கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். பெருவிரலில் இருந்து தொடங்கினாள்.

"தெரியுதா?"

"இல்ல."

ஈர்க்கை மேலே நகர்த்தினாள். புறங்காலில் இல்லை. கணுக்காலில் இல்லை. கெண்டைக்காலில் இல்லை. ஒவ்வோர் "இல்ல"வுக்கும் சற்றே மேலே வந்தாள். முழங்காலுக்கு நாலு விரல் கீழே வந்தபோது குத்தியது. வலித்தது.

"இஞ்ச தெரியுது" என்றேன்.

என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

பிறகு எழுந்து போனை எடுத்து, என் முன்னால் நின்றுகொண்டே கூட்டாளிக்கு அடித்தாள். "தம்பி, சீசனுக்கு வேற ஆளப் பாருங்க. அவர் வரமாட்டார்." காலைச் சாப்பாட்டுப் பாண் முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அவன் ஏதோ கேட்டான். "ஓம், நிச்சயமாத்தான்" என்றாள்.

நான் பூவுக்கு இறால் நறுக்கினேன். அன்று அதற்குச் சாப்பாட்டு நாள்.