என் குரலில் வந்த சாவுச் சேதி

குமரவேல் சார் செத்துப்போய்விட்டார். எனக்கு அதைச் சொன்னது என் குரல்தான்.

நேற்றுக் காலை வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று எங்கள் செங்கல்பட்டுத் தெருவுக்குள் வந்தது. சாருக்கும் இதுதான் சொந்த ஊர். "படூர் வாய்ஸ் ஸ்டுடியோ உரிமையாளர் குமரவேல் அவர்கள் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்..."

தழுதழுத்து, கடைசியில் கொஞ்சம் உடைந்து... அச்சு அசல் நான். ஆனால் நான் அதைப் பேசவே இல்லை.

எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா சரளா, உங்க சாருக்கு நீயே சொல்லிட்டியா? ரொம்பதான் அழுதுக்கீற."

செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். நான் பேசப்போகிறேன். பிடிக்காதவர்கள் அன்ஃப்ரெண்ட் செய்துகொள்ளலாம்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஆடித் தள்ளுபடிக்கு ஒரு ஜவுளிக்கடை வாசலில் மைக் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தேன். சார் பைக்கை நிறுத்தி, வெயிலில் நின்று முழுசாகக் கேட்டார். "இந்தக் குரல வெச்சிகினு இங்க இன்னா பண்ற?" என்றார். என்னிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அது ஒன்றுக்கு நன்றி சார்.

படூரில் அவர் அபார்ட்மென்ட்டின் ஒரு பெட்ரூம்தான் ஸ்டுடியோ. சுவர் முழுக்க ஸ்பாஞ்சு. ஏசி சத்தம் மைக்கில் விழும் என்று குரல் கொடுக்கும் எங்கள் பக்கம் ஏசி கிடையாது, ஃபேனும் கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார் ஏசியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே "இன்னொரு டேக்" என்பார்.

எங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்ப்பார். தயிர் சாதமாக இருந்தால் நேராகக் குப்பைத்தொட்டி. "தொண்ட கரகரக்குது. பட்டினி கெட, குரல் நல்லா வரும்" என்பார். அப்படிக் கிடந்திருக்கிறேன், பலமுறை. குரல் நன்றாகத்தான் வந்தது.

அப்புறம் அந்தப் பெரிய வேலை வந்தது. ஆஸ்பத்திரி அறிவிப்புக்கு என்றார். அர்த்தமே இல்லாத வாக்கியங்களாகக் கொடுத்து, சந்தோஷமாகப் படி, கோபமாகப் படி, சாதாரணமாகப் படி என்று வாரக்கணக்கில் படிக்க வைத்தார். ஆஸ்பத்திரியில் எதற்குக் கோபம் என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கள் தொழிலில் கொடுத்ததைப் படிப்போம், அவ்வளவுதான்.

சோகம் மட்டும் பாக்கி இருந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் அப்பா இறந்தார். நெம்மேலி பக்கம் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், வண்டியிலேயே சாய்ந்துவிட்டார்.

காரியம்கூட முடியவில்லை. சார் போன் செய்தார். குரல் கட்டியிருக்கும்போதே சோகத்தை எடுத்துவிடலாம், உடனே வா என்றார். போனேன்... வேலை போய்விடும் என்று பயந்து போனேன்.

மைக் முன்னால் எனக்கு அழுகையே வரவில்லை. ஹெட்போனில் சார் பேசினார். "அப்பாவ நெனச்சிக்கோ. அவரு மூஞ்சிய நெனச்சிக்கோ... ஆங். இப்ப படி."

படித்தேன்.

என் குரலை மெஷினுக்குக் கற்றுக்கொடுத்து விற்றுவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. யார் எதை டைப் அடித்தாலும் இப்போது நான் பேசுவேன். சிறுசேரியில் ஒரு ஆபீஸுக்கு வாய்ப்புக் கேட்டுப் போனேன். "உங்க குரல் எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கே மேடம், நீங்க எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அதோடு எனக்கு வேலை நின்றது.

சாரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை. "மைக்கு என்னுது, ரூமு என்னுது, கம்ப்யூட்டரு என்னுது. உன்னுது வெறும் தொண்ட. அத்த எடுத்துகினு போ."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நேற்று ஆட்டோவில் உடைந்ததே, அது எங்கள் அப்பாவுக்கு உடைந்தது. சாருக்கு இல்லை.

சாயங்காலம் சாரின் மகன் விக்கி போன் செய்தான். "அக்கா, அப்பா பேசுனது ஒண்ணுகூட இல்லக்கா. வீடியோல எல்லாம் எங்கள எடுத்துகினு அவரு பேசாம கேமராக்குப் பின்னாடியே நின்னுக்கீறாரு. அம்மா ஒரு வாய் துன்ன மாட்டேங்குது. ஒரே ஒருவாட்டி அவரு குரல கேக்கணும்ங்குது. உங்க பழைய ரெக்கார்டிங்ல எங்கனா இருக்குமா?"

பொதுவாக இருக்காது. ஒவ்வொரு டேக் ஆரம்பத்திலும் சார் பேசுவதும் சேர்ந்துதான் பதிவாகும். எடிட்டில் முதலில் அதைத்தான் வெட்டுவார்கள். ஊரார் குரலை எல்லாம் வைத்து வியாபாரம் செய்தவர், தன் குரலைக் குப்பையில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

இல்லைப்பா, எல்லாம் வெட்டியாச்சு என்று சொன்னேன். அவன் அழுதான். நான் போனை வைத்துவிட்டேன்.

விக்கி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். படிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இருக்கிறது. எங்கள் அப்பா இறந்தபோது எடுத்த அந்தச் சோக டேக்கை வெட்டாமல் ஒரு பென் டிரைவில் வாங்கி வந்தேன், என் குரல் எங்கே பிசிறியது என்று பார்ப்பதற்காக. உங்கள் அப்பா அதில் நன்றாகப் பேசியிருக்கிறார். துல்லியமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரியே இருக்கும்.

அம்மாவிடம் சொல்லு. கொடுக்கமாட்டேன்.

போயிட்டு வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை.

போங்க சார்.