குள்ளர் வூடு

நேற்று மகள் போனில் ஒரு படம் காட்டினாள்: ஏதோ வெளிநாட்டில் வேலி போட்டு, டிக்கெட் கொடுத்து, உலகமே போய்ப் பார்க்கிற பழங்காலக் கல்வீடு. எங்கள் கல்வராயன் மலையடிவாரத்திலும் நாலு பலகைக்கல்லும் மேலே ஒரு மூடுகல்லுமாக, அந்தக் காலத்துக் குள்ள மனிதர்கள் கட்டியதாக ஊரில் சொல்லும் ‘குள்ளர் வூடு’ இருந்தது. உச்சிவெயிலில் ஆடுகளோடு நாங்களும் உள்ளே புகுந்து, குளிர்ந்த கல்லில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு கிடப்போம். எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் ஓய்ந்ததும், ரோடு போட ஜல்லிக்காக அதை உடைத்தார்கள்.

“குள்ளருங்க வூட்டை இடிக்கிறீங்களே, இது நாயமா?” என்று அம்மா கத்தினாள்.

“இன்னாம்மா, குள்ளனுக்குப் பட்டா இருக்குதா?” என்று காண்ட்ராக்டர் சிரித்தான்.

மறியலில் ஒரு புளியமரத்தை வெட்டிப் போட்டதற்கு அப்பா மேல் கேஸ் போட்டார்கள். கல்வீட்டை உடைத்தவனுக்கு மாலை போட்டார்கள். அப்பா வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்குப் போய்வந்தது, அவன் போட்ட அந்த ரோட்டில்தான்.