ஐந்தாவது வரியில் விண்டோஸ்

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஐந்து வரிகள். கீழே ஓர் எண், பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கிக்கொண்டே வரும். விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் திரை பழக்கம். எது வேண்டும் என்று பத்து வினாடிக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதல் வரியில் இருப்பது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் முதன்முதலாக இப்படி ஒரு திரையை வரவழைத்தது ஜவ்வாது மலையில், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியின் அலுவலகத்தில். அந்தத் திரையால் அங்கே ஒருவருக்கு வேலை போயிற்று. திரையால் போயிற்று என்று எழுதுவதுகூடத் தப்பித்துக்கொள்ளும் பேச்சுதான். என்னால் போயிற்று.

அவரை டைப்பிஸ்ட் அக்கா என்போம். மலையிலேயே பிறந்தவர், சாமையும் புளியுமாகப் பிழைக்கும் வீட்டிலிருந்து இறங்கிப் போய், போளூரில் தங்கித் தட்டச்சு படித்தவர். ஒன்பது வருடமாக அந்தப் பள்ளியில் தற்காலிக வேலை. அலுவலகத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது என்பதால் பூட்டுத் திறப்பது, காலை மணி அடிப்பது, பட்டியல் அடிப்பது எல்லாம் அவர் தலையில். அந்த ஆண்டு, பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் பொருளாளர் நேரில் வந்து பார்த்துவிட்டு, அவரை நிரந்தரம் ஆக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வதாக இருந்தது. "ஆர்டர் மட்டும் கைக்கு வந்துட்டா, எங்க வூட்ல இன்னாத்துக்கு வேலைக்குப் போறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க டீச்சர்" என்று அக்கா சொன்னார். என்னிடம் போய்ச் சொன்னார் பாருங்கள்.

நான் கணியம்பாடிக்காரி. எம்.சி.ஏ. படித்த திமிரோடு கணினி ஆசிரியையாக மலையேறியவள். சேர்ந்த முதல் வாரம் அறிவிப்புப் பலகைக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை அடித்துக்கொண்டே, நல்ல மனதோடுதான், "டீச்சர், விண்ணப்பத்துக்கு மூணு சுழி வரும். நீங்க ரெண்டு சுழி போட்டுகீறீங்க" என்றார். அறையில் நாலு ஆசிரியர்கள் இருந்தார்கள். சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஆனாலும் பத்தாவது படித்தவர் எம்.சி.ஏ.வுக்கு எழுத்துப் பிழை திருத்திவிட்டார் என்பது எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. இருக்கட்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். ஒரு சுழிக்காக ஒரு மனுஷியின் மேல் அத்தனை வன்மம் வருமா என்று கேட்டால், வரும். எனக்கு வந்தது.

லினக்ஸ் வந்தது ஒரு பென்டிரைவின் புண்ணியத்தில். கீழே பிரவுசிங் சென்டருக்குப் போய்வந்த பென்டிரைவில் வைரஸ் ஏறி, அலுவலகக் கணினியின் கோப்பெல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நின்றது. சுத்தம் செய்து கொடுத்தேன். "இதுக்கு ஒரு வழி பண்ணும்மா" என்றார் தலைமையாசிரியர். லினக்ஸ் போட்டுவிடலாம், அதில் இந்த வைரஸெல்லாம் ஏறாது, விண்டோஸும் பக்கத்திலேயே இருக்கட்டும், அக்காவின் வேலையெல்லாம் அதில்தானே இருக்கிறது என்றேன். உண்மையில் அதுவரை நான் எந்தக் கணினியிலும் லினக்ஸ் போட்டதில்லை, படித்ததோடு சரி. லினக்ஸிலேயே பல வகை உண்டு, எதைப் போடுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். மிண்ட் என்று ஒன்று, பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். புதியவர்களுக்கு அதுதான் சுலபம் என்று பலர் எழுதியிருந்தார்கள். அக்காவுக்கு அதுதான் தோது என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் விண்டோஸ் மாதிரியே இருந்தால், நான் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? பார்த்ததுமே வேறாகத் தெரியும் உபுண்டு என்ற வகையைத் தேர்ந்தெடுத்தேன். மலை சிக்னலில் அதை இறக்க முடியாது. சனிக்கிழமை பஸ் பிடித்துப் போளூருக்குப் போய், நாள் முழுக்கக் காத்திருந்து, புது பென்டிரைவில் வாங்கி வந்தேன்.

நிறுவிய அன்று என் கவனத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அக்காவின் ஒன்பது வருடக் கோப்புகளை முதலில் வேறொரு வட்டில் நகலெடுத்து வைத்தேன். விண்டோஸுக்குள் இருந்தே அதன் இடத்தைச் சுருக்கி, புதியதற்கு இடம் ஒதுக்கினேன். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு என்று ஜெனரேட்டரை ஓடவிட்டேன். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவதா, வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவுவதா என்று திரை கேட்டபோது, மாதாவே என்று முதலாவதை அழுத்தினேன். ஒரு கோப்புகூடக் கெடவில்லை. இயந்திரத்துக்கு நோகாமல் அவ்வளவு பதமாக வேலை செய்தவள்தான் நான்.

அந்தக் கிழட்டுக் கணினியில் விண்டோஸ் வந்து சேர ஐந்து நிமிடம் ஆகும். அதனால் அக்கா காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் மணி அடித்து, ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டுத் திரும்புவார். திரும்பும்போது விண்டோஸ் தயாராக இருக்கும். ஒன்பது வருடப் பழக்கம். இப்போது அவர் மணியடிக்கப் போன நேரத்தில் பத்து வினாடியும் ஓடி, முதல் வரியில் இருந்த லினக்ஸ் வந்து நின்றது. அதில் அவருடைய கோப்புகள் திறக்கும், படிக்க வராது. எல்லாம் ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. அதை நான் லினக்ஸில் போடவில்லை. பிள்ளைகளின் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். மறுபடி அணைத்து, மறுபடி போட்டு, கூடவே நின்று, கறுப்புத் திரை வந்ததும் நாலு தடவை தட்டி, விண்டோஸ் இருக்கும் ஐந்தாவது வரிக்கு இறங்க வேண்டும். நின்றால் மணி தாமதம். போனால் கணினி தாமதம். தலைமையாசிரியர் இரண்டுக்கும் திட்டினார்.

மூன்றாம் நாள் அக்கா என்னிடம் வந்தார். "டீச்சர், அந்த விண்டோஸ கொஞ்சம் மேல வெச்சிடுங்களேன். நான் மணியடிச்சிட்டு வர்றதுக்குள்ள தானா வந்துடும்." மேலே வைக்கக்கூட வேண்டியதில்லை. ஒரு கோப்பைத் திறந்து, பூஜ்யம் என்று இருப்பதை நாலு என்று மாற்றி, ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது; கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் ஐந்தாவது வரிக்கு அதன் கணக்கில் நாலு. டீ ஆறும் நேரம்கூட ஆகாது. எனக்குத் தெரியும். "அதெல்லாம் முடியாதுக்கா. லினக்ஸ் போட்டா அப்படித்தான்" என்றேன். "செரிங்க டீச்சர்" என்று போய்விட்டார். எம்.சி.ஏ. சொன்னால் பொய்யாகவா இருக்கும்?

அதோடு விட்டேனா? என் வகுப்பு ஜன்னலில் இருந்து பார்த்தால் அலுவலகம் தெரியும். அக்கா திரையையும் மணியையும் மாறி மாறிப் பார்த்துத் தவிப்பது, காலைப் படிப்பு நேரத்தில் எனக்கு நல்ல வேடிக்கை. ஆங்கிலத்தில் தலைகீழாக எண்ணக் கற்றுக்கொடுக்கும் சாக்கில், கறுப்புத் திரை வந்ததும் "எண்ணுங்க" என்பேன். "டென், நைன், எய்ட்" என்று நாற்பது குரல் கிளம்பும். அக்காவின் ஊர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. "ஜீரோ" என்றதும் கைதட்டல். ஒருமுறை அக்கா எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். பிள்ளைகளுக்காகச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பும் இனித்தது.

பொருளாளர் வந்த அன்று அக்கா சீக்கிரமே வந்து விண்டோஸைத் தயாராக்கி வைத்திருந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். பொருளாளர் அலுவலகத்துக்குள் கால் வைக்கும் நேரத்தில் கரண்ட் போய் வந்தது. மலைக் கரண்ட்டுக்கு நேரங்காலம் ஏது? அக்கா மறுபடி சுவிட்சைப் போட்டு, விசைமேல் விரல் வைத்துக் காத்திருந்தார். கறுப்புத் திரை வந்தது. நான் சொல்லாமலேயே, பழக்க தோஷம், என் வகுப்பு தொடங்கிவிட்டது: "டென், நைன், எய்ட்..." பொருளாளருக்கு வாயெல்லாம் பல். "பரவால்லியே, மலப் பசங்க இங்கிலீஷ்ல எண்ணுதுங்க!" என்றவர், அப்படியே அக்காவிடம் திரும்பி, "நீ இன்னாம்மா படிச்சிகீற?" என்று கேட்டார். பெரியவர் கேட்கிறாரே என்று அக்கா விரலை எடுத்துவிட்டு, எழுந்து, கை கட்டி, அவர் பக்கம் திரும்பி நின்று பதில் சொன்னார். "டெந்த்துங்க சார். டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சிகீறேங்க." பிள்ளைகள் ஜீரோவுக்கு வந்து கைதட்டினார்கள்.

"அணைச்சிட்டுத் திரும்பப் போடறேங்க சார்" என்றார் அக்கா. "அதான் வந்துடுச்சே, பசங்க லிஸ்ட்ட தொறம்மா." திறந்தார். பொருளாளர் குனிந்து பார்த்தார். "இது இன்னா பாஷை? ஒம்போது வருஷமா இதத்தான் அடிச்சிகினு இருந்தியா?" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இன்னாம்மா இதெல்லாம்?" என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். அதில் கெஞ்சல் இல்லை. விஷயம் தெரிந்தவள் வந்துவிட்டாள், இனி சொல்லிவிடுவாள் என்கிற நிம்மதி இருந்தது. நான் சொன்னேன்: "சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு சார். அக்காவுக்குத்தான் இன்னும் பழகல."

அந்த மாதக் கடைசியோடு அவரை நிறுத்திவிட்டார்கள். அலுவலக வேலையையும் என்னிடமே சேர்த்துக் கொடுத்தார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மற்ற ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். முதல் நாள் காலை நானே சுவிட்சைப் போட்டு, நானே மணியடிக்க ஓடினேன். திரும்பி வந்தால் லினக்ஸ். ஒரே ஒரு நாள்தான் பொறுத்தேன். அன்றைக்கே உட்கார்ந்து பூஜ்யத்தை அழித்து நாலு போட்டேன்.

மறுநாள் அக்கா ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுக்க வந்தார். நான் அப்போதுதான் சுவிட்சைப் போட்டிருந்தேன். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எண்கள் இறங்கின. யாரும் எதையும் தொடவில்லை. விண்டோஸ் வந்தது. அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். சாவியை மேசையில் வைத்தார். "இப்ப தானா வர்துங்களே டீச்சர்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசினார்.

இப்போது நான் போளூரில் இருக்கிறேன். நிரந்தர வேலை. அக்கா மலையிறங்கி ஏதோ ஷூ கம்பெனி வேனில் போய்வருவதாகக் கேள்விப்பட்டேன்; பிறகு அந்தச் சேதியும் இல்லை. நானும் தேடவில்லை. பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் பூசைக்குப் போகாததைச் சொல்லியிருக்கிறேன், அம்மாவை எதிர்த்துப் பேசியதைச் சொல்லியிருக்கிறேன். இதை ஒருநாளும் சொன்னதில்லை. பத்துக் கட்டளைகளில் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை என எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்வேன். பொய்சாட்சி எத்தனையாவது கட்டளை என்று எனக்குத் தெரியாதா என்ன?

என் மடிக்கணினியிலும் இரண்டும் இருக்கின்றன. இன்று காலை அந்தக் கறுப்புத் திரை வந்தபோது வழக்கமாகத் தட்டும் விசையைத் தட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அக்கா என் முகத்தைப் பார்த்தபோது என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? பத்து என்று விழுந்ததும் வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன்: "சார், அது அக்கா தப்பில்ல. என் தப்பு." சொல்லி முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். இன்னும் ஏழு வினாடி மிச்சம் இருந்தது.