உயிரோடு இருந்தவருக்குக் கறுப்பு அட்டை

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். போர் வந்தால் கூப்பிடுவதற்கென்று ராணுவம் வைத்திருக்கும் மருத்துவ ரிசர்விலும் பெயர் கொடுத்திருக்கிறேன். வருடா வருடம் பயிற்சி உண்டு. போன தடவை, அடிபட்டவர்களாகப் படுத்துக் கிடக்கக் கோடம்பாக்கத்திலிருந்து துணை நடிகர்களைக் கூட்டி வந்திருந்தார்கள்.

பிழைக்க மாட்டார் என்று பட்டால் கறுப்பு அட்டையை மாட்டிவிட்டு அடுத்தவரிடம் ஓட வேண்டும். அதுதான் விதி. வயிற்றில் சிவப்புச் சாயத்தோடு கிடந்த ஒரு பெரியவருக்கு மாட்டிவிட்டு எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படத்துல எத்தினியோ தபா செத்துக்கீறேம்மா. உசுரோட கீறப்பவே ஒருத்தரும் என்னைத் தாண்டிப் போனதில்ல."

அது நடிப்பில்லை. பிடித்த கையை அவர் விடவில்லை. அங்கேயே மண்டியிட்டு, "வலிக்காம பார்த்துக்கச் சொல்லிட்டுப் போறேன், ஐயா" என்றேன்.

"டைம் வேஸ்ட்! நீ இங்க நின்னா அடுத்தவன் செத்துடுவான்!" என்று பயிற்சி அதிகாரி கத்தினார்.

"அட்டையை மாட்டுறேன் சார். ஆனா ஒரு வார்த்தை சொல்லாம போக மாட்டேன்."

எனக்கு மார்க்கைக் குறைத்தார்கள். அதிகாரி சொன்னதிலும் நியாயம் உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை. இந்த வருடமும் பயிற்சிக்குப் போகிறேன். இந்த வருடமும் குறைக்கட்டும்.