முன்னால் மூன்று பேர் வரவும்

ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுப்பவர்களுக்குத் தெரியும்: இந்தத் தொழிலில் மாதம் ஒரு முறை தொண்டை போகும், ஒரு முறை மானம் போகும், தொண்டை மட்டும் திரும்பி வரும்.

நான் பாடம் எடுத்தது மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மொபைல் கடை மாடியில். வருகிறவர்கள் எல்லாம் வேலை முடித்து வரும் பெரியவர்கள். முதலாளி பாண்டிச்சேரியில் இருந்தார். அவரே அச்சடித்த புத்தகம் ஒன்று உண்டு. அதில் ஒரு பாடத்தைத் தாண்டினாலும் டீச்சர் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான், எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் போனார். என் வீட்டில் அடுப்பு எரிவது இந்தச் சம்பளத்தில்.

நிறப் பாடம்

ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பேசும் பாடம் வந்தது. 'முன்னால் மூன்று பேர் வரவும்' என்று புத்தகத்தில் போட்டிருந்தது. வந்த மூவரையும் பார்த்து மற்றவர்கள் ஃபேர், ஃபேரர், ஃபேரஸ்ட் என்று சொல்ல வேண்டுமாம். யார் சிவப்பு, யார் அதைவிடச் சிவப்பு, யார் எல்லோரையும்விடச் சிவப்பு. இதை எழுதிய மகராசன் ஒரு நாளாவது உப்பளத்தில் நின்றிருக்க மாட்டான்.

வசந்தி அக்காவின் பெயரைக் கூப்பிட்டேன். உப்பளத்தில் வேலை. கீழே உப்பு, மேலே வெயில், இரண்டு பக்கமும் காயும் முகம். மகனின் பள்ளிக்கூட மீட்டிங்கில் இங்கிலீஷில் ஒரு கேள்வியாவது கேட்டுவிட வேண்டும் என்று சேர்ந்தவர். அவர் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், இந்த வரிசையில என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே நான் நின்னுட்டேங்க. காசு கட்டி இன்னொரு தடவ நிக்க முடியாது."

ஒன்று போதும்

புத்தகத்தை மூடினேன். இனி இந்த வகுப்பில் மனிதர்களை ஒப்பிடுவதில்லை, பொருளை மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். பாத்தியில் அன்று வாரிய உப்பு, குவியலில் கிடந்த உப்பு, ஈசிஆர் சாலை ஓரத்தில் தூசி குடித்த உப்பு என்று மறுநாள் வசந்தி அக்கா மூன்று பொட்டலம் கொண்டுவந்தார். ஒயிட், ஒயிட்டர், ஒயிட்டஸ்ட் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

வம்பு யூசுப்பிடம் இருந்து வந்தது. கூனிமேட்டுக்காரர், கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர். எதை எடுத்தாலும் 'மோர் சீப்பர்' என்பார். சின்ன வார்த்தைக்குப் பின்னால் 'அர்' என்ற வால் போதும், எக்ஸ்பென்சிவ் மாதிரி நீளமான வார்த்தைக்கு முன்னால் மோர் போடணும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் தப்பு என்று தொண்டை கிழியச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க டீச்சர். ஆனா கடையில ரெண்டு தடவ சொன்னாதான் கஸ்டமர் நம்புறாங்க."

குயிலாப்பாளையத்து பெஸ்ட்

அம்சாவுக்குக் குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் வேலை. குட் என்பதற்கு அடுத்து ஏன் 'குடர்' வராது என்று என்னோடு சண்டை. சில வார்த்தைகள் விதிக்குக் கட்டுப்படாது, குட் என்பது பெட்டர் ஆகும், பெஸ்ட் ஆகும், அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான் என்றேன். அதைவிடப் பெரிய சிக்கல் அவளுக்கு மேனேஜரோடு. எந்த ரூம் பெட்டர் என்று யார் கேட்டாலும் எல்லாமே பெஸ்ட் என்று சொல்லச் சொல்லியிருந்தார். அன்று வந்த வெள்ளைக்காரம்மாவிடம் அம்சா உண்மையைச் சொல்லிவிட்டாள். மேனேஜர் கத்தினாராம். வகுப்பில் வந்து நியாயம் கேட்டாள்.

"எல்லா ரூமும் பெஸ்ட்டுன்னா, வாடக மட்டும் எதுக்குங்க டீச்சர் வேற வேற?"

சனிக்கிழமை

நான் பாடத்தைத் தாண்டிய செய்தி பாண்டிக்கு எப்படியோ போய்விட்டது. சனிக்கிழமை முதலாளியே வந்து நின்றார். அந்தப் பாடத்தை இப்போதே தன் கண் முன்னால் நடத்தச் சொன்னார். புத்தகத்தைத் திறந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த வகுப்பில் யாரையும் நிற்க வைத்து நிறம் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். எப்படி நடத்துவது என்று தானே காட்டுவதாகச் சொல்லி, மூன்று பேரை முன்னால் வரச் சொன்னார்.

வசந்தி அக்கா எழுந்தார், அம்சாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நின்றார். மூன்றாவது ஆள் எங்கே என்று முதலாளி பார்த்தார். நல்ல தொப்பை அவருக்கு. வசந்தி அக்கா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூணாவதா நீங்க வந்து நில்லுங்க சார். உங்க புக்குல அடுத்த வார்த்த ஃபேட்டுன்னு போட்டிருக்குது."

திங்கட்கிழமைக்கு அப்புறம்

வேலை போனது போனதுதான். இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் யூசுப் தன் கடைக் குடோனில் பக்கெட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தார். பாதிப் பேர் என்னோடு வந்தார்கள். முழுப் பணமும் கட்டிவிட்டவர்கள் மாடியிலேயே தங்கினார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாதிச் சம்பளத்தில் அரிசி மட்டும் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் முதலாளியிடம் இருந்து போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது.

"ஏம்மா, அங்க என்னதான் சொல்லிக் குடுத்துட்டுப் போன? புது டீச்சர் கூப்பிட்டா ஒருத்தரும் முன்னால வர மாட்றாங்க."

நம் தொழிலில் பெட்டர், பெஸ்ட் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடலாம், முடியாது என்று உட்கார்ந்துவிட்டவர்களை எழுப்புகிற பாடம்தான் இன்னும் யாரும் அச்சடிக்கவில்லை.